விளக்கு எரிகிறது, எது பழுது?

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பால் கேன், தீவனக் கட்டு, காய்கறி மூட்டை, சமயத்தில் மொத்தக் குடும்பம் என்று எல்லாவற்றையும் சுமந்து போகும் வண்டி அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் விற்கும் எக்ஸ்எல்லில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ள மின்சார பம்ப், அதை அளந்து பீய்ச்ச இன்ஜெக்டர், புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார், இவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சிறு கணினி. ஒர்க்‌ஷாப்பில் இசியு என்று சொல்வது இந்தக் கணினியைத்தான். மொபெட்டுக்கே இப்படி என்றால் காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கார்புரேட்டர் காலத்தில் வண்டி நடுவழியில் நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்போம். அதற்கும் மசியவில்லை என்றால் மரத்தடி மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை வாயால் ஊதிப் பொருத்துவார். வண்டி கிளம்பிவிடும். இன்று மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. “ஸ்கேன் போட்டுப் பாத்தாத்தான் சார் தெரியும்” என்கிறார் மெக்கானிக். ஸ்கேன் போட்டதும் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் வருகிறது. மாற்றுகிறார்கள், பில் வருகிறது. கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. எலக்ட்ரானிக்ஸ் வந்துதான் வண்டியையே கெடுத்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

கோபம் நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். அதை விளக்க, கணினி எதற்காக எஞ்சினுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரியும் புகை மூடியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். எதிரி விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அதன்பின் அந்தப் புகை ஆண்டுதோறும் வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த டச்சு வேதியியலாளர். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். எண்ணெய்த் தொழில் தரப்பு இதை எளிதில் ஏற்கவில்லை. 1968-ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

புகையைச் சுத்தப்படுத்த 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் துண்டின் மேல் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களை மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும். அடுத்து ரோடியத்தையும் சேர்த்து நைட்ரஜன் ஆக்ஸைடையும் அதே பெட்டியிலேயே ஒழிக்க முயன்றார்கள். அங்கேதான் சிக்கல். முதல் இரண்டுக்கும் ஆக்ஸிஜனைச் சேர்க்க வேண்டும், மூன்றாவதிலிருந்து ஆக்ஸிஜனைப் பறிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டுமானால், எஞ்சினுக்குள் போகும் கலவையில் 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று இருக்க வேண்டும். காற்று சற்றுக் கூடினால் நைட்ரஜன் ஆக்ஸைடு தப்பிவிடும். பெட்ரோல் சற்றுக் கூடினால் மற்ற இரண்டும் தப்பிவிடும்.

இந்தத் துல்லியம் கார்புரேட்டரால் ஆகாது. காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது, அந்த உறிஞ்சலில் ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறுகிறது, அவ்வளவுதான் அதன் தத்துவம். வெயில், குளிர், மலை எதையும் அது தானாகச் சரிக்கட்டிக்கொள்ளாது. ஊட்டிக்கு ஏறிய பழைய கார்கள் இழுவை குறைந்து கரும்புகை கக்கியது நினைவிருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, ஜெட்டின் துளை மாறுவதில்லை, கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது.

தீர்வு ஒரு விரல் நீளப் பொருளாக வந்தது. போஷ் நிறுவனம் தயாரித்த ஆக்ஸிஜன் சென்சார் 1976-ல், 1977 மாடலுக்கான வால்வோ காரில் இடம்பெற்றது. சிர்கோனியா என்ற பீங்கானின் ஒரு பக்கம் புகையைத் தொடும், மறுபக்கம் வெளிக்காற்றைத் தொடும். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், இரு பக்கத்திலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று கூடினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். இசியு அதைப் படித்து, அடுத்த பீய்ச்சலில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கலவை சரியாக இருக்கிறதா என்று எரிந்த பிறகு முகர்ந்து பார்த்து அடுத்ததைத் திருத்தும் இந்த ஏற்பாடுதான் இன்றைய எஞ்சினின் மையம். காரில் கணினி தவிர்க்க முடியாததானது இதற்காகத்தான், விற்பனைக் கவர்ச்சிக்காக அல்ல.

இதனால் எஞ்சினுக்கும் நன்மை. மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ரிங் தேய்வதற்கு இது பெரிய காரணம். “எஞ்சின் போர் பண்ணணும்” என்ற பேச்சு இன்று அவ்வளவாகக் காதில் விழாததற்கு நல்ல ஆயிலும் நல்ல உலோகமும் மட்டுமல்ல, கலவை சரியாக இருப்பதும் காரணம். எஞ்சினின் உலோகப் பாகங்கள் முன்பைவிட நீண்ட நாள் உழைக்கின்றன. சீக்கிரம் பழுதாவதெல்லாம் அவற்றைச் சுற்றியுள்ள வயர், கப்ளர், சென்சார், பிளாஸ்டிக் குழாய் ஆகியவைதான். பழுதின் இடம் மாறியிருக்கிறது. பழுதுபார்க்கும் முறையும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதுதான் என் குறை.

மஞ்சள் விளக்கையே எடுத்துக்கொள்வோம். இசியு தன்னைத்தானே சோதித்து விளக்கேற்ற வேண்டும் என்ற விதி 1988 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் வந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் 16 பின் கொண்ட ஒரே வகை சாக்கெட்டும் ஒரே வகைக் குறியீடுகளும் கட்டாயமாயின. ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறாரே, அது இந்த சாக்கெட்தான். விதியை எழுதியவர்கள் காற்று மாசைக் கட்டுப்படுத்துபவர்கள். எனவே அந்த விளக்கின் முதல் வேலை, புகை வரம்பு மீறப்போகிறது என்று எச்சரிப்பது. கார் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிவதும், சத்தம் போடும் பேரிங்குக்கு விளக்கே எரியாததும் இதனால்தான். விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைப் பதற்றமில்லாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் அப்படியல்ல. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, உள்ளிருக்கும் பீங்கான் உருகிவிடும் என்று பொருள். ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். கன்வெர்ட்டரில் உள்ள உலோகங்களின் விலையை நினைத்தால் இந்த ஒரு தகவலே பெரிய செலவைத் தடுக்கும்.

இப்போது குறியீட்டுக்கு வருவோம். அடிக்கடி வரும் ஒன்று பி0171. ‘கலவையில் பெட்ரோல் போதவில்லை’ என்பது அதன் பொருள். ஆக்ஸிஜன் சென்சார் தொடர்ந்து ‘காற்று அதிகம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, இசியு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துத் தன் எல்லைக்கு வந்துவிட்டது. குறியீடு சொல்வது இவ்வளவுதான். ஆனால் சென்சாரின் பெயர் இதில் அடிபடுவதால் பல இடங்களில் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டிக்கிற வேலை இது.

காற்று எங்கிருந்து வந்தது என்றல்லவா பார்க்க வேண்டும்? உள்ளே போகும் காற்றை எடைபோட்டு அளக்கும் சென்சார் உள்ள கார்களில், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று நுழையும். பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சாரை ஏமாற்றும். எல்லாவற்றையும்விட வியப்பானது இது: ஒரு ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்காவிட்டால் அந்த சிலிண்டரின் பெட்ரோலும் எரியாது, ஆக்ஸிஜனும் எரியாது. இரண்டும் அப்படியே வெளியே வரும். சென்சாருக்கு ஆக்ஸிஜன் மட்டுமே தெரியும் என்பதால், பெட்ரோல் வழிந்தோடும்போதே ‘பெட்ரோல் போதவில்லை’ என்று பதியும்.

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இசியு எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கிறது என்ற எண் சாதாரண ஸ்கேனரிலேயே தெரியும். வண்டியை ஐடிலில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 சுற்றில் பார்க்க வேண்டும். ஐடிலில் அந்த எண் மிக அதிகமாக இருந்து, சுற்று ஏறியதும் ஒழுங்குக்கு வந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்கலாம். மொத்தக் காற்று கூடும்போது கசிவின் பங்கு சிறிதாகிவிடுகிறது அல்லவா? மாறாக, சுற்றும் சுமையும் ஏற ஏற எண் மோசமானால் பெட்ரோல் வரத்தில் குறை, ஃபில்டரையும் பம்பையும் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. இந்தச் சில நிமிடத்தைச் செலவழிக்கிற மெக்கானிக்குக்கும் குறியீட்டைப் படித்ததும் எஸ்டிமேட் போடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பில்லில் தெரிகிறது.

கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் சூடு, வேகம், சுமை என்னவாக இருந்தன என்பதையும் இசியு சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி விளக்கை அணைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. விளக்கோடு சேர்ந்து இந்தத் தடயமும் அழிந்துபோகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து வயரிங். ஹெட்லைட்டுக்கு ஒரு வயர், ஹாரனுக்கு ஒரு வயர் என்று போன காலம் முடிந்துவிட்டது. போஷ் நிறுவனம் 1983-ல் உருவாக்கத் தொடங்கி 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற தகவல் தடம் இன்று கிட்டத்தட்ட எல்லாக் கார்களிலும் இருக்கிறது. ஒன்றையொன்று முறுக்கிய இரண்டே வயர்கள். எஞ்சின், பிரேக், ஏர்பேக், மீட்டர் என்று ஒவ்வொன்றின் கணினியும் அந்த இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன. சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயரையும் ஒரே அளவு பாதிப்பதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும் கணினிக்கு அது பொருட்டே இல்லை. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் முக்கியமான செய்தி தடங்கலின்றிப் போகும், மற்றது தானாக ஒதுங்கிக் காத்திருக்கும். மனிதர் செய்த அழகான பொருள்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பழுதாகும்போது இது பயமுறுத்தும். ஒரு சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் கெட்டால் ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு, மேட்டில் நிறுத்தும் உதவி என்று அந்தத் தகவலை நம்பியிருக்கும் அத்தனை விளக்கும் ஒன்றாக எரியும். பேட்டரி இறங்கினாலும் அப்படியே. எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு பிடித்தாலும் அப்படியே. டேஷ்போர்டு முழுக்க விளக்கெரிவதைப் பார்த்த உரிமையாளர் வண்டியே போய்விட்டது என்று நடுங்குகிறார். அந்த நடுக்கத்தில் எந்த எஸ்டிமேட்டுக்கும் தலையாட்டிவிடுவார்.

கேன் தடத்தைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். தடத்தின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, 16 பின் சாக்கெட்டில் கேன் தடம் வந்து சேரும் 6-ஆவது பின்னுக்கும் 14-ஆவது பின்னுக்கும் இடையே அளந்தால், பல கார்களில் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதிய மாடல்கள் சிலவற்றில் நடுவே ஒரு தடுப்புக் கணினி இருப்பதால் இந்த அளவு சாக்கெட்டில் கிடைக்காது, உள்ளே போய்த்தான் அளக்க வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது என்ற வயரிங் படம் கையில் இருந்தால் ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடுவார். அந்தப் படம் அவர் கைக்குக் கிடைப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் இந்த வயர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று எலி. இரவில் எஞ்சின் சூட்டுக்கு ஒதுங்கி வயரின் உறையைக் கடித்துப் போடும். மற்றொன்று தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களில் பலவற்றின் உரிமையாளர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். தண்ணீர் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இப்போது பரவலாகத் தெரியும். பேட்டரியை உடனே கழற்ற வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. நனைந்த கப்ளரில் மின்சாரம் ஓடினால் மின்பகுப்பு நடந்து செம்பு பச்சைபிடித்து அரிக்கும். கார் காய்ந்து, ஓடி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மாதங்கள் கழிந்த பிறகு கோளாறு தலைகாட்டுவது இதனால்தான். கப்ளரைத் திறந்து சுத்தம் செய்து, கெட்ட பின்னை மட்டும் மாற்றினால் தீரக்கூடிய பழுதுகள் இவற்றில் நிறைய. ஏர்பேக் வயரில் மட்டும் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், அங்கே மொத்தமாக மாற்றுவதே முறை.

பெட்ரோல் பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருக்கும். சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. தினம் 50 ரூபாய்க்குப் போட்டு, டேங்க் வற்றும் நிலையிலேயே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் தேயும். கையில் இருப்பதைப் பொறுத்துத்தான் பெட்ரோல் போட முடியும் என்பது புரிகிறது. ஆனால் அந்தச் சிக்கனத்தைப் பம்பின் விலை விழுங்கிவிடும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் மிகுந்துவிட்டால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

அடுத்து, பாகத்தின் விலை. “அசெம்ப்ளியாத்தான் வரும் சார், தனியா வராது” என்ற வாசகத்தை சர்வீஸ் சென்டரில் கேட்காதவர் யார்? ஹெட்லைட்டில் ஒரு எல்இடி போனால் முழு ஹெட்லைட், கண்ணாடியின் சிறு மோட்டார் போனால் முழு கண்ணாடி. கம்பெனியின் கணக்கு புரிகிறது. சிறு பாகங்கள் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் வைப்பது செலவு. மொத்தமாக மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும், அனுபவமில்லாத ஊழியரே போதும், வாரண்டியில் தகராறு வராது. அவர்களுக்கு மிச்சமாகும் அந்தச் செலவு அப்படியே நம் தலைக்கு வருகிறது. முன்பு இதற்கு மாற்றாகச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருந்தது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த நல்ல பாகத்தைக் கொண்டுவந்து பொருத்திவிடலாம். இன்று பழைய இசியுவைக் கொண்டுவந்து மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவிக்குள் இருக்கும் சிப்பும் இசியுவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் அடையாளத்தை மாற்றி எழுதும் அதிகாரம் கம்பெனியின் கணினியிடம் மட்டும் இருப்பதால், திருடனுக்குப் போட்ட பூட்டு உரிமையாளருக்கும் பூட்டாகிவிட்டது.

மூடிய மென்பொருளால் பணம் மட்டுமே போகும் என்றும் நினைக்க முடியாது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டேனியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் டீசல் கார்களின் புகைக்குழாயில் அளவுகருவியைப் பொருத்திச் சாலையிலேயே ஓட்டி அளந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா ஒன்றின் நைட்ரஜன் ஆக்ஸைடு அமெரிக்க வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு இருந்தது. ஆய்வகச் சோதனையில் அதே கார் தேறியிருந்தது. சோதனை நடக்கிறது என்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி இசியுவின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது 2015 செப்டம்பரில் உலகுக்குத் தெரிந்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் காற்றைக் காக்க வந்த கணினியே இப்படி ஏமாற்றப் பயன்பட்டது, உள்ளே எட்டிப் பார்க்க வெளியாருக்கு வழியில்லாததால்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனி தன் டீலருக்குத் தரும் பழுதறியும் தகவலையும் கருவியையும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலைக்குத் தர வேண்டும் என்பது சட்டம். கார்கள் வயர் இல்லாமல் தகவலை நேரே கம்பெனிக்கு அனுப்பத் தொடங்கியதும், அந்த ஓட்டையையும் அடைக்க 2020-ல் மறுபடி வாக்களித்தார்கள். ஐரோப்பாவில் யூரோ 5, யூரோ 6 புகை விதிகளுக்கு அடிப்படையான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பழுதுபார்ப்புத் தகவல் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயம் இருந்தது. புகை விதி கடுமையாகும்போது எஞ்சின் சிக்கலாகும், சிக்கலான எஞ்சினைத் திறக்கும் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று அவர்கள் ஒரே மூச்சில் யோசித்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமலில்லை. அசல் உதிரிபாகம், பழுதறியும் கருவி, கையேடு ஆகியவற்றை வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு மறுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது, வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. இணையதளம் நல்ல தொடக்கம். கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாதவரை அது வேண்டுகோளாகவே நிற்கும். வயரிங் படமும், சரியான அளவுகளும், இசியுவை அடையாளப்படுத்தும் வசதியும் நியாயமான விலைக்கு யாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்டம் வந்தால், நம் மெக்கானிக்குகளுக்கு வேறெந்தச் சலுகையும் தேவைப்படாது.

நம் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மெக்கானிக் அரை நாள் மல்டிமீட்டரோடு குனிந்து நின்று, கடைசியில் சின்ன ரப்பர் குழாய் ஒன்றை மாற்றி விளக்கை அணைத்தால், அவர் கேட்கும் கூலியைப் பார்த்து “ஒரு குழாய் மாத்துனதுக்கா இவ்வளவு?” என்கிறோம். அதே ஆள் தேவையில்லாத சென்சாரை மாற்றிப் பல ஆயிரத்துக்குப் பில் கொடுத்தால், பெட்டியில் புதுப் பொருளைப் பார்த்த திருப்தியில் கொடுத்துவிடுகிறோம். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லை, மாற்றுகிற பாகத்துக்குத்தான் காசு என்றால் எந்த மெக்கானிக் கண்டுபிடிக்க மெனக்கெடுவார்?

எனவே அடுத்த முறை விளக்கு எரிந்தால் கம்பெனி சர்வீஸானாலும் வெளி மெக்கானிக்கானாலும் முதலில் சில கேள்விகள் கேளுங்கள். என்ன குறியீடு வந்தது, ஃப்ரீஸ் ஃபிரேமில் என்ன இருந்தது, இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால், கண்டுபிடித்ததற்கென்று அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.